கட்டற்ற மென்பொருளும் ஒரே தளத்தின் தயவும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தமிழ் மென்பொருள்களை உருவாக்கும் கல்லூரி மாணவர்களைப் பற்றித் தங்கள் நாளிதழின் பெங்களூரு பதிப்பில் வெளிவந்த கட்டுரையை மகிழ்ச்சியோடு படித்தேன். இத்தகைய முயற்சிகளுக்கு நாளிதழில் இடம் கிடைப்பதே அரிது. ஆனால், மாணவர்கள் தங்கள் மூலநிரல் முழுவதையும், மென்பொருள் நிரல்களைச் சேமித்துப் பகிர உதவும் கிட்ஹப் என்ற இணையதளத்தில் ஏற்றிவிட்டதால் இனி அது என்றென்றைக்கும் பத்திரமாக இருக்கும் என்று அக்கட்டுரையில் போகிற போக்கில் எழுதப்பட்டிருந்த ஒரு வரியை அப்படியே விட்டுவிட முடியவில்லை. பெங்களூரில் மென்பொருள் துறையில் பணிபுரிந்துகொண்டே, ஓய்வு நேரத்தில் தமிழ்ப் பிழைதிருத்தி ஒன்றின் உருவாக்கத்தில் பங்கேற்பவன் என்ற முறையில், அந்த நம்பிக்கையில் எவ்வளவு உண்மை, எவ்வளவு ஆபத்து என்பதை வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் உண்மையான பகுதி. நிரலை எவரும் பார்க்கவும் மாற்றவும் பகிரவும் உரிமை தருவதே கட்டற்ற மென்பொருள். இன்று அத்தகைய திட்டங்கள் ஏறத்தாழ எல்லாமே பயன்படுத்தும், நிரலின் மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட் என்ற கருவி, களஞ்சியத்தை, அதாவது ஒரு திட்டத்தின் கோப்புத் தொகுப்பை, தம் கணினிக்குப் பிரதியெடுக்கும் ஒவ்வொருவருக்கும் நிரலோடு அதன் மாற்ற வரலாறு முழுவதையும் சேர்த்தே கொடுத்துவிடுகிறது. இக்கருவி பிறந்த கதையே இக்கடிதத்தின் பொருளோடு நெருங்கியது. லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கருநிரலை உருவாக்குபவர்கள், இதே வேலையைச் செய்யும் பிட்கீப்பர் என்ற தனியுரிமை மென்பொருளை 2002 முதல் இலவச அனுமதியின் பேரில் பயன்படுத்தி வந்தார்கள். 2005-இல் அந்த அனுமதி திரும்பப் பெறப்பட்டபோது, அதே ஆண்டு ஏப்ரலில் லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் கிட்டை எழுதத் தொடங்கினார். இன்னொருவர் தயவில் இருந்த நிலை முடிவுக்கு வந்ததால் பிறந்த கருவியை இன்று பெரும்பாலோர் ஒரே நிறுவனத்தின் சர்வரில் வைத்துப் பயன்படுத்துகிறோம் என்பது விந்தைதான். எப்படியானாலும், கிட்ஹப் நாளையே மூடப்பட்டாலும், யாராவது ஒருவரின் மடிக்கணினியில் பிரதி இருக்கும்வரை நிரல் அழியாது. இந்த அளவில் கட்டுரையாளர் சொன்னது சரியே.

ஆனால் ஒரு மென்பொருள் திட்டம் நிரலோடு முடிந்துவிடுவதில்லை. எங்கே வழு (மென்பொருள் பிழை) இருக்கிறது என்று பயனர்கள் தெரிவித்த குறிப்புகள், ஒரு மாற்றத்தை ஏன் ஏற்றோம், இன்னொன்றை ஏன் மறுத்தோம் என்ற விவாதங்கள், தரவிறக்குவதற்காகத் தொகுத்து வைத்த வெளியீட்டுக் கோப்புகள், நிரலைத் தானாகச் சோதித்துத் தொகுக்கும் ஏற்பாடு, யாருக்கு எந்த அனுமதி என்ற பட்டியல், எல்லாவற்றுக்கும் மேலாக அந்தத் திட்டத்தின் இணைய முகவரி ஆகியவையெல்லாம் கிட் பிரதிக்குள் வருவதில்லை. அவை தளத்தின் தரவுத்தளத்தில், தளத்தின் விதிகளுக்கு உட்பட்டு இருக்கின்றன. வீட்டு உரிமையாளரின் வீட்டில் வாடகைக்கு இருப்பது தவறன்று, இந்நகரில் நம்மில் பெரும்பாலோர் அப்படித்தான் இருக்கிறோம். ஆனால் பள்ளிச் சான்றிதழையும் ரேஷன் கார்டையும் அவருடைய பீரோவில் வைத்துச் சாவியையும் அவரிடமே கொடுத்துவிட்டு யாரும் குடியிருப்பதில்லை.

இதை எங்கள் பிழைதிருத்தியைக் கொண்டே விளக்குகிறேன். நாங்கள் பயன்படுத்திய தளம் எது என்பது இங்கே முக்கியமில்லை. கோலார் தங்கவயலில் தமிழாசிரியராக இருந்து ஓய்வுபெற்ற ஐயா ஒருவர் எங்களுக்கு உதவி வந்தார். அவருக்கு நிரல் எழுதத் தெரியாது. தெரிந்துகொள்ளும் விருப்பமும் இல்லை. பிழைதிருத்தி தவறாகச் சொல்லும் இடங்களை மட்டும், வழு தெரிவிக்கும் பக்கத்தில் ஒவ்வொன்றாக எழுதுவார். 'ஊறுகாய்' என்பதில் மென்பொருள் ஒற்று ஒன்றை நுழைக்கச் சொன்னபோது, இது வினைத்தொகை, இங்கே வல்லினம் மிகாது என்று விளக்கினார். 'ஓடாக் குதிரை' என்பதில் இருந்த ஒற்றை மென்பொருள் நீக்கச் சொன்னபோது, ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சத்தின் பின் வல்லினம் மிகும் என்பதைப் பல எடுத்துக்காட்டுகளோடு எழுதினார். அவற்றின் கீழே மற்றவர்கள் மறுத்தும் ஏற்றும் எழுதினார்கள். இந்தக் குறிப்புகளின் அடிப்படையில் நிரலில் நாங்கள் செய்த மாற்றமோ சில சமயம் ஒரே ஒரு வரிதான். காரணத்தை மறுபடியும் எழுத வேண்டாம் என்று அந்த வரியின் அருகே விவாதத்தின் எண்ணை மட்டும் குறித்துவைப்போம்.

ஒருநாள் மாலை அவர் தம் நோட்டுப் புத்தகத்தில் சேர்த்து வைத்திருந்தவற்றையெல்லாம் ஒரே மூச்சில் தட்டெழுதி ஏற்றினார். குறுகிய நேரத்தில் அவ்வளவு பதிவுகள் வந்ததைக் கண்ட தளத்தின் தானியங்கி ஏற்பாடு, அவரை விளம்பரக் குப்பை அனுப்புபவர் என்று முடிவு செய்து கணக்கை முடக்கியது. முடக்கப்பட்டவர் புதிதாக எழுத முடியாது என்பதோடு அது நிற்கவில்லை. அவர் தொடங்கிவைத்த பழைய விவாதங்கள் அனைத்தும், மற்றவர்கள் அவற்றில் எழுதிய மறுமொழிகளோடு சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாமல் போயின. நிரலில் நாங்கள் குறித்திருந்த எண்களை அழுத்தினால் 'பக்கம் இல்லை' என்று வந்தது. நிரல் முழுவதும் எங்களிடம் இருந்தது. ஒரு வரி கூடக் குறையவில்லை. ஏன் அப்படி எழுதினோம் என்பதுதான் இல்லை. முறையீடு செய்து, ஆங்கிலத்தில் வந்த அச்சடித்தாற்போன்ற பதில்களுக்கு மறுபதில் எழுதி, கடைசியில் கணக்கு மீண்டது. ஆனால் ஐயா அதன்பின் அங்கே எழுத மறுத்துவிட்டார். தம்மைத் திருடன் என்று சொல்லி நிற்கவைத்த இடத்துக்கு எதற்கு மறுபடி போக வேண்டும் என்று கேட்டார். இப்போது அவர் தாளில் எழுதிக் கொடுப்பதை நாங்கள் தட்டெழுதுகிறோம்.

இது சிறிய குழுவுக்கு நேர்ந்த சிறிய சங்கடம். நிரல் ஒருபுறம், அதைச் சுற்றிய பதிவுகள் மறுபுறம் என்ற இதே பிளவு பெரிய அளவிலும் வெளிப்பட்டிருக்கிறது. 2017 ஜனவரி 31 அன்று, கிட்ஹப் போன்ற மற்றொரு தளமான கிட்லேப்பில், நெருக்கடியைச் சரிசெய்ய முயன்ற பொறியாளர் ஒருவர் தவறான சர்வரில் தரவுத்தளக் கோப்புகளை அழித்துவிட்டார். அவர்கள் வைத்திருந்த ஐந்து வகைக் காப்புப் பிரதி ஏற்பாடுகளில் ஒன்றுகூட எதிர்பார்த்தபடி வேலை செய்யவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுக்கப்பட்டிருந்த ஒரு பிரதி மட்டுமே கைகொடுத்தது. அன்று கிட் களஞ்சியங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அழிந்தவை அந்த ஆறு மணி நேரத்தில் பதிவான வழுக் குறிப்புகளும் கருத்துகளும், மாற்றங்களை நிரலில் சேர்க்கக் கோரும் இணைப்பு வேண்டுகோள்களும்தான். நடந்ததை அந்நிறுவனம் மறைக்காமல் உடனுக்குடன் வெளியிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். அதனால்தான் நமக்கு இவ்வளவு தெரிகிறது.

விபத்தை விடுங்கள், நிறுவனங்கள் தாமாகவே எடுத்த முடிவுகளைப் பார்ப்போம். 2006-இல் இதே வகைத் தளமாகத் தொடங்கிய கூகுள் கோட், 2015-இல் மூடல் அறிவிப்பை வெளியிட்டு 2016 ஜனவரியில் சேவையை நிறுத்தியது. கூகுளே நடத்தும்போது என்ன பயம் என்று அன்றைக்கும் பலர் சொன்னார்கள். கிட்டோரியஸ் தளத்தைக் கிட்லேப் நிறுவனம் 2015-இல் வாங்கிச் சில மாதங்களில் மூடியது. மைக்ரோசாஃப்ட் நடத்திய கோட்பிளெக்ஸ் 2017-இல் நிறுத்தப்பட்டது. பிட்பக்கெட் தளமோ கிட் போன்ற மற்றொரு கருவியான மெர்க்யூரியலைப் பயன்படுத்துவோருக்காகவே 2008-இல் தொடங்கப்பட்டது. புதிதாக வருவோரில் நூற்றுக்கு ஒருவர்கூட அக்கருவியைத் தேர்ந்தெடுப்பதில்லை என்று காரணம் சொல்லி, 2020-இல் மெர்க்யூரியல் களஞ்சியங்களைத் தன் சர்வர்களிலிருந்தே அகற்றியது. பராமரிப்பாளர்கள் இல்லாத பழைய திட்டங்கள் அன்று அடியோடு மறைந்திருக்கும்; பிரான்ஸில் இருந்து செயல்படும் சாஃப்ட்வேர் ஹெரிட்டேஜ் என்ற ஆவணக் காப்பகம் முன்கூட்டியே பிரதியெடுத்ததால் பொதுக் களஞ்சியங்கள் பல பிழைத்தன.

சோர்ஸ்ஃபோர்ஜ் தளத்தின் வரலாறு இவற்றிலிருந்து வேறுபட்டது. எனக்கு அதிகம் கவலை தருவதும் அதுதான், ஏனெனில் அந்தத் தளம் மூடப்படவே இல்லை. 1999-இல் தொடங்கிய அது ஒரு காலத்தில் கட்டற்ற மென்பொருளுக்கு இன்று கிட்ஹப் இருக்கும் இடத்தில் இருந்தது. நம்மூர் அச்சகங்களில்கூடப் படம் திருத்தப் பயன்படும் கிம்ப் மென்பொருளின் குழுவினர், அத்தளத்தின் விளம்பரப் போக்கு பிடிக்காமல் 2013-இல் வெளியேறினார்கள். 2015-இல் பார்த்தால், அவர்கள் விட்டுச்சென்ற விண்டோஸ் பதிப்பின் பக்கத்தைக் கைவிடப்பட்டது என்று கூறித் தளத்தாரே எடுத்து நடத்திக்கொண்டிருந்தார்கள். அங்கே தரவிறக்கிய நிறுவல் கோப்பில் கூடுதலாக விளம்பர மென்பொருள் சேர்ந்து வந்தது. உருவாக்கியவர்கள் வெளியேறிய பிறகும் அவர்கள் சேர்த்த நற்பெயர் அந்த முகவரியிலேயே தங்கிவிட்டது. அதை யார் பயன்படுத்துவது என்பதைத் தளம் முடிவு செய்தது. மறு ஆண்டு அத்தளம் கைமாறியதும் புதிய உரிமையாளர்கள் அந்த வழக்கத்தைக் கைவிட்டார்கள். உரிமையாளர் மாறினால் நல்லதும் நடக்கலாம் என்பதற்கு அது சாட்சி. எது நடந்தாலும் அதில் நமக்குச் சொல் இல்லை என்பதற்கும்தான். கிட்ஹப்பை 2018-இல் மைக்ரோசாஃப்ட் 750 கோடி டாலர் மதிப்பில் வாங்கியபோதும் யாரும் பயனர்களைக் கேட்கவில்லை.

அரசுகளும் நீதிமன்றங்களும் குறுக்கிடுவது வேறு வகை. 2014 டிசம்பரில், மும்பை பயங்கரவாதத் தடுப்புப் பிரிவின் வேண்டுகோளை அடுத்து, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின்கீழ் 32 இணையதளங்களை முடக்க மத்திய அரசு உத்தரவிட்டது. கிட்ஹப், சோர்ஸ்ஃபோர்ஜ், இன்டர்நெட் ஆர்கைவ் ஆகியவையும் அந்தப் பட்டியலில் இருந்தன. எவரோ ஏற்றிய சில பக்கங்களுக்காக முழுத் தளங்களையும் முடக்குவது என்ன நியாயம் என்று எழுந்த கண்டனத்தால் தடைகள் படிப்படியாக நீங்கின. 2019-இல் அமெரிக்கப் பொருளாதாரத் தடைகளைக் காரணம் காட்டி ஈரான், சிரியா, கிரீமியா பகுதிகளின் உருவாக்குநர்களுடைய கணக்குகளைக் கிட்ஹப் கட்டுப்படுத்தியது. பலர் தங்கள் தனிப்பட்ட களஞ்சியங்களை முன்னறிவிப்பு இல்லாமல் இழந்து நின்றார்கள். ஈரானியர்களுக்கு முழுச் சேவை மீண்டும் கிடைத்தது 2021 ஜனவரியில், அமெரிக்க அரசின் சிறப்பு அனுமதி பெற்ற பிறகுதான். அந்த உருவாக்குநர்கள் எந்த விதியையும் மீறவில்லை, அவர்கள் வாழ்ந்த இடம் மட்டுமே காரணம். சட்டத்துக்குக் கட்டுப்பட்டே ஆக வேண்டிய நிறுவனத்தைக் குறைசொல்லிப் பயனில்லை. அந்தச் சட்டம் எந்த நாட்டினுடையது என்பதைத்தான் நாம் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

இவ்வளவு சொல்வதால் எல்லாரும் கிட்ஹப்பை விட்டு வெளியேற வேண்டும் என்று கோருவதாக எண்ணிவிடலாகாது. இந்நகரின் ஐஐஐடி வளாகத்தில் வளர்ந்து, வேறு நாடுகள் தம் தேசிய அடையாள அட்டைத் திட்டங்களுக்குப் பயன்படுத்தும் மோசிப் மென்பொருளின் நிரல் அங்கேதான் இருக்கிறது. நகராட்சிச் சேவைகளுக்கான டிஜிட் மென்பொருளை உருவாக்கும் ஈகவ் அறக்கட்டளையின் நிரலும் அங்கேதான். புதியவர்கள் தேடி வரும் இடம் அது. பொதுவில் வைத்த திட்டங்களின் தானியங்கிச் சோதனை ஓட்டங்களுக்குக் காசு கேட்பதில்லை. வேலைக்கு ஆள் எடுக்கும் நிறுவனங்கள் மாணவர்களின் கிட்ஹப் பக்கத்தைப் பார்க்கின்றன. கோரமங்களாவில் நேர்முகத்துக்குப் போகும் பிள்ளையிடம் கொள்கை பேசி அந்தப் பக்கத்தை அழிக்கச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆயினும், இலவசம் என்பதற்கும் ஒரு கால அளவு உண்டு. கட்டற்ற திட்டங்களுக்குத் தாராளமாகச் சோதனைச் சேவை வழங்கிவந்த டிராவிஸ் சிஐ 2020 இறுதியில் அதைச் சுருக்கியபோது, எண்ணற்ற திட்டங்கள் அவசர அவசரமாக வேறிடம் தேடின.

சொந்தமாகச் சர்வர் வைத்துக்கொள்வதே தீர்வு என்று சிலர் உடனே சொல்வார்கள். டெபியன், குனோம், கேடிஇ போன்ற பெரிய கட்டற்ற மென்பொருள் குழுக்கள் கிட்லேப் மென்பொருளைத் தங்கள் சொந்தச் சர்வர்களில் நிறுவி நன்றாகவே நடத்துகின்றன. ஆனால் இதே கேடிஇ, 2013-இல் மயிரிழையில் தப்பியதை மறக்கக் கூடாது. மூலச் சர்வரின் கோப்பு முறைமை பழுதடைந்தபோது, அதைப் பின்பற்றும் பிரதிச் சர்வர்கள் அந்தப் பழுதையும் விசுவாசமாகப் பிரதியெடுத்துக்கொண்டன. ஏறத்தாழ 1,500 களஞ்சியங்கள் போயிருக்கும். பழுதுக்கு முன்பே எடுத்த முழுப் பிரதி ஒரு சர்வரில் எஞ்சியிருந்ததால் பிழைத்தன. அவர்களுக்கே அந்த நிலை என்றால், இரண்டு மூன்று தன்னார்வலர்கள் அலுவலக நேரம் போக நடத்தும் தமிழ்த் திட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. சர்வரைப் பார்த்துக்கொண்டவர் வேலை மாறி வெளிநாடு போனதும் கடவுச்சொல் யாருக்கும் தெரியாமல் போய்ச் சர்வரும் அணைந்துபோவது நம்மிடையே புதிதன்று. ஜெர்மனியில் பதிவுபெற்ற சங்கம் ஒன்று உறுப்பினர் சந்தாவிலும் நன்கொடையிலும் நடத்தும் கோட்பெர்க் போன்ற இடங்கள் நடுவழியாகத் தோன்றுகின்றன. 2025 இறுதியில் ஜிக் நிரல்மொழியின் குழுவினர் கிட்ஹப்பை விட்டு அங்கே சென்றார்கள். ஆனால் அங்கும் முழுவதையும் ஒரே இடத்தில் வைத்தால் கதை மாறப்போவதில்லை.

எனவே எந்தத் தளம் என்பதைவிட, அந்தத் தளம் இல்லாமல் நாளை காலை வேலையைத் தொடர முடியுமா என்ற கேள்வியே பொருத்தமானது. அதற்குத் தேவையானவை பெரிய செலவு வைப்பவை அல்ல. ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய் அளவில் திட்டத்துக்கென்று சொந்த முகவரிப் பெயர் ஒன்றை வாங்கி, ஆவணங்களிலும் அறிவிப்புகளிலும் அதையே கொடுத்துவந்தால், பின்னால் இருக்கும் தளத்தை மாற்றினாலும் பயனருக்குத் தெரியாது. களஞ்சியத்தின் நகல் வேறொரு நிறுவனத்தின் தளத்திலும் தானாகப் புதுப்பிக்கப்பட வேண்டும். கேடிஇ கற்ற பாடத்தை ஒட்டி, எதனோடும் தானாக ஒத்திசையாத பழைய பிரதி ஒன்றும் தனியே இருக்க வேண்டும். நிர்வாக அனுமதி குறைந்தது இருவரிடமாவது இருப்பது நல்லது, ஏனெனில் கணக்கில் நுழையக் கடவுச்சொல்லோடு கேட்கும் இரண்டாம் கட்டக் குறியீடு வரும் கைப்பேசியை ஒருவர் மெட்ரோவில் தவறவிட்டால் திட்டமே பூட்டிக்கொள்ளும்.

விவாதங்களைப் பாதுகாப்பதில்தான் எல்லாரும் அசட்டையாக இருக்கிறார்கள். லினக்ஸ் கருநிரலின் விவாதங்கள் இன்றும் மின்னஞ்சல் குழுக்களில் நடக்கின்றன. அந்த மடல்களின் தொகுப்பையே கிட் களஞ்சியமாக யாரும் பிரதியெடுத்துக்கொள்ளலாம். நம் கைப்பேசிகள் எல்லாவற்றிலும் இருக்கும் எஸ்கியூலைட் தரவுத்தளத்தை உருவாக்குபவர்கள் ஃபாசில் என்ற கருவியைப் பயன்படுத்துகிறார்கள். அது வழுக் குறிப்புகளையும் நிரலோடு சேர்த்தே சேமிக்கிறது. அவ்வளவு தூரம் போக இயலாதவர்கள், கிட்ஹப்பும் கிட்லேப்பும் கொடுக்கும் ஏபிஐ (ஒரு நிரல் தளத்திடமிருந்து தரவைத் தானாகக் கேட்டுப் பெறும் வசதி) வழியாக எல்லாக் குறிப்புகளையும் மாதம் ஒருமுறை இறக்கி, உரைக் கோப்புகளாகத் தம் களஞ்சியத்திலேயே ஓர் அடைவில் சேர்த்துவிடலாம். தங்கவயல் ஐயாவின் இலக்கணக் குறிப்புகள் இப்போது அப்படித்தான் இருக்கின்றன. நிரலைப் பிரதியெடுப்பவர் எவருக்கும் அவையும் உடன் செல்கின்றன.

பொதுப்பணம் செலவாகும் இடங்களில் இதைத் தன்னார்வலர்களின் விருப்பத்துக்கு விட்டுவிடக் கூடாது. அரசு மென்பொருள்களின் மூலநிரலைத் திறந்து பகிர்வதற்கான கொள்கையை மத்திய அரசு 2015-இலேயே வெளியிட்டது. அதற்கென ஓப்பன்ஃபோர்ஜ் என்ற தளமும் உருவாக்கப்பட்டது. ஆனாலும் 2020 மே மாதம் ஆரோக்கிய சேது செயலியின் நிரலை வெளியிட்டபோது அரசு தேர்ந்தெடுத்த இடம் கிட்ஹப். மக்கள் இருக்கும் இடத்தில் வெளியிட்டது புரிந்துகொள்ளத்தக்கதே. நான் கேட்பது வேறு: பல்கலைக்கழகங்களும் அரசுத் துறைகளும் தமிழ்க் கணிமைக்கு நல்கை (நிதியுதவி) கொடுக்கும்போது, நிரலை ஒரு தளத்தில் ஏற்றிவிட்டதாகச் சொல்லும் இணைப்பை மட்டும் வாங்கிக்கொண்டு கோப்பை மூடிவிடாமல், நிரல், அகராதித் தரவு, விவாதப் பதிவுகள் ஆகிய மூன்றின் முழுப் பிரதியையும் தம் நூலகத்தில் ஒப்படைக்க வேண்டும் என்று நல்கை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். முனைவர் பட்ட ஆய்வேட்டைப் பிரதி இல்லாமல் ஏற்காத பல்கலைக்கழகங்களுக்கு இது கடினமான நிபந்தனையாக இராது.

இறுதியாகத் தங்களிடமும் ஒரு வேண்டுகோள். இத்தகைய கட்டுரைகளின் அடியில் அச்சிடும் முகவரி பல ஆண்டுகள் வாசகர்களின் கத்தரிப்புகளிலும் நூலகத் தொகுப்புகளிலும் இருக்கப்போவது. ஆகவே திட்டத்துக்குச் சொந்த முகவரி இருந்தால் தளத்தின் முகவரிக்குப் பதிலாக அதையே அச்சிடுங்கள். இல்லையென்றால், ஏன் இல்லை என்று தங்கள் செய்தியாளர் அந்த மாணவர்களிடம் கேட்டுவிட்டு எழுதட்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
அல்சூர், பெங்களூரு – 560 008